தங்கையாக வளர்ந்தவன் தம்பி என்கிறான்: திருநம்பிகள் இந்த வெறுப்பை எப்படித் தாண்டி வருகிறார்கள்?

நெல்லை அக்கா | 2024 மே 12

அனைவருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலி மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் பிறந்து, திருமணத்திற்குப் பின் தூத்துக்குடியில் வசிப்பவள். எங்கள் பெற்றோருக்கு நாங்கள் இருவர்தான் பிள்ளைகள். என்னைவிட ஆறு வயது இளைய உடன்பிறப்பை இருபத்து மூன்று ஆண்டுகளாகத் தங்கை என்றே நினைத்து வந்தேன். கடந்த பொங்கலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஊருக்கு வந்தபோது, எல்லோரும் உறங்கிய பிறகு என்னை மொட்டைமாடிக்கு அழைத்துப் போய், தான் பெண் அல்ல என்றும், விவரம் தெரிந்த நாளிலிருந்தே தன்னை ஆணாகத்தான் உணர்ந்து வருவதாகவும், இதைச் சொல்ல ஓர் ஆள்கூட இல்லாமல் இத்தனை ஆண்டுகள் கழிந்துவிட்டதாகவும் சொன்னான். “சொன்னாள்” என்று முதலில் எழுதி, பிறகு அழித்து, “சொன்னான்” என்று திருத்தியிருக்கிறேன். கை இன்னும் பழகவில்லை.

பங்குனியில் ஒரு வரன் வந்தது. மறுத்தபோது காரணம் கேட்டார்கள். அவன் மறைக்காமல் சொல்லிவிட்டான். அம்மா கோயிலுக்கு அழைத்துச் சென்று மந்திரித்துக் கயிறு கட்டினார். அப்பா ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனார். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் இந்த எண்ணம் போய்விடும் என்றும், அதற்குள் ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டால் எல்லாம் தானாகச் சரியாகும் என்றும் அந்த மருத்துவர் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதங்களாக அவன் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. கைப்பேசி அப்பாவிடம் இருக்கிறது. சான்றிதழ்கள் பீரோவில் பூட்டியிருக்கின்றன. கோயம்புத்தூர் வேலையும் போய்விட்டது. ஆவணியில் என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம், ஊரே கூடும், அதற்கு முன் இதற்கொரு முடிவு கட்ட வேண்டும் என்று அப்பா நிற்கிறார்.

திருநங்கைகளைப் பற்றி ஓரளவு கேள்விப்பட்டிருக்கிறேன். பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளைப் பற்றி எதுவுமே தெரியாமல் இருந்திருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அவர்கள் எதையெல்லாம் சந்திக்கிறார்கள், எப்படி மீண்டு வருகிறார்கள், ஓர் அக்காவாக நான் என்ன செய்ய முடியும் என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேன்ஷன்வாசி | 2024 மே 13

சகோதரி, நீங்கள் அழித்துத் திருத்திய அந்த ஒற்றை எழுத்துக்காகப் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தவன் நான். எனக்கு 36 வயது. உங்கள் பக்கத்து ஊர்க்காரன்தான். சென்னையில் கணக்கராக வேலை செய்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருநங்கைகள் படும் துன்பம் கொடியது. அதை எடை போட்டுப் பார்க்க எனக்கு மனம் வராது. ஆனால் வீட்டைவிட்டு வெளியேறும் ஒரு திருநங்கைக்கு, தாய் என்றும் மகள் என்றும் உறவு முறை வைத்து ஏற்றுக்கொள்ளும் ஜமாத் ஒன்று இருக்கிறது. எங்களுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. நாங்கள் பெண் பிள்ளைகளாக வளர்க்கப்படுகிறோம் என்பதால் பெண் பிள்ளைக்குப் போடும் அத்தனை பூட்டும் முதலில் எங்கள் மேல் விழுகிறது. ஆண் பிள்ளையாக வளர்ந்தவர் வீட்டைவிட்டுப் போனால் துரத்திவிட்டோம் என்பார்கள். நாங்கள் போனால் பெண்ணைக் காணவில்லை என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்துத் திருப்பி இழுத்து வருவார்கள். பிறகு அடி, சாமியாடி, மருத்துவர், மாப்பிள்ளை. எங்களில் பலருக்கு இந்த நான்கும் இதே வரிசையில்தான் நடந்திருக்கின்றன. எங்களை ஊர் பார்ப்பதே இல்லை என்பதால், இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதுகூடப் பெற்றோருக்குத் தெரிவதில்லை. தம் பிள்ளை ஒன்றுதான் உலகத்தில் இப்படிக் கெட்டுப்போனது என்று நினைத்துவிடுகிறார்கள். உங்கள் அப்பாவின் கோபத்துக்குள் பாதி இந்த அச்சமாகத்தான் இருக்கும்.

தமிழ்நாடு 2008 ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் முதன்முதலாக நல வாரியம் அமைத்த மாநிலம். அது நமக்குப் பெருமைதான். ஆனால் அப்போது அதன் பெயரே அரவாணிகள் நல வாரியம்; அரவாணி என்பது திருநங்கைகளை அப்போது அழைத்த பெயர். நாங்கள் அந்தப் பெயருக்குள் இல்லை. 2016 இல் அடையாள அட்டைக்காக நான் ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்றபோது, இது திருநங்கைகளுக்கு உரியது, நீ ஏன் வந்தாய் என்று திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற வயதான திருநங்கை ஒருவர்தான், “இவன் நம்பி, நாங்கள் நங்கை, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சட்டம்” என்று மேசையைத் தட்டிப் பேசி என் விண்ணப்பத்தை வாங்க வைத்தார். இன்றுவரை அவரை அம்மா என்றுதான் அழைக்கிறேன்.

வெளியே வந்த பிறகு முதலில் இடிப்பது தங்குமிடம். பெண்கள் விடுதியில் என் கிராப்பையும் சட்டையையும் பார்த்து மற்றப் பெண்கள் பயப்படுகிறார்கள் என்று காலி செய்யச் சொன்னார்கள். திருவல்லிக்கேணியில் ஆண்கள் தங்கும் மேன்ஷன் ஒன்றில் இடம் கிடைத்தது. ஆனால் அங்கே குளியலறை பொது, தாழ்ப்பாள் சரியாக விழாது. எல்லோரும் எழும் முன் நாலு மணிக்குக் குளித்து, பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, சிறுநீர்த் தொற்று வந்து படுத்தேன். அடுத்தது வேலை. நேர்காணலில் என் மீசையைப் பார்ப்பார்கள். பிறகு பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரைப் பார்ப்பார்கள். அதன்பின் அந்த அறையில் என் படிப்பைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். மூன்று இடங்களில் அப்படி நடந்தது. நான்காவது இடத்தில், கடை முதலாளி சான்றிதழை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, வரவு செலவு ஏடு ஒன்றை முன்னால் வைத்து, “இதில் எங்கே தவறு இருக்கிறது என்று கண்டுபிடி” என்றார். அங்கேதான் இன்றும் இருக்கிறேன்.

மீண்டது எப்படி என்று கேட்டீர்கள். தனியாக யாரும் மீள்வதில்லை என்பதுதான் என் அனுபவம். இரண்டு திருநம்பிகள் சேர்ந்து ஒரு வீடு எடுத்தோம், பிறகு நால்வரானோம். நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் முறையாகச் சென்று ஹார்மோன் சிகிச்சை தொடங்கினேன். சில மாதங்களில் குரல் உடைந்தது. முதல் முறையாகப் பேருந்தில் நடத்துநர் என்னைப் பார்க்காமலே குரலை மட்டும் கேட்டு “தம்பி, உள்ளே போ” என்றபோது, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன்: மருத்துவர்கள் துரத்திவிடுகிறார்கள் என்பதற்காக, உடற்பயிற்சிக் கூடங்களில் கிடைக்கும் ஹார்மோன் ஊசியை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அளவு தவறினால் இரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடி இரத்தம் கெட்டிப்படும். குறிப்பிட்ட கால இடைவெளியில் இரத்தப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். உங்கள் தம்பியை அந்த வழிக்குப் போகவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. 2019 இல் என் அப்பா இறந்தார். எட்டு ஆண்டுகள் என்னோடு பேசாதவர். ஊருக்குப் போனேன். நீர்மாலை (இறந்தவரைக் குளிப்பாட்டக் குடத்தில் நீர் எடுத்துவரும் சடங்கு) எடுக்கப் புறப்பட்டபோது, பெண் பிள்ளை எப்படிப் போகலாம் என்று இரண்டு பேர் மறித்தார்கள். என் பெரியப்பா எதுவும் வாதாடவில்லை. தன் தோளிலிருந்த துண்டை எடுத்து என் இடுப்பில் கட்டிவிட்டுக் குடத்தை என் கையில் கொடுத்தார். வரிசை நகர்ந்துவிட்டது. உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இருந்தால் போதும் சகோதரி. இப்போதைக்கு அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

வழக்குரைஞர், மதுரை | 2024 மே 14

மேலே எழுதிய சகோதரர் வாழ்க்கையைச் சொல்லிவிட்டார்; நான் சட்டத்தைச் சொல்கிறேன், ஏனெனில் உங்கள் வீட்டில் இப்போது அவசரம் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் தம்பிக்கு 23 வயது. அவரைப் பெற்றோரேயானாலும் வீட்டில் அடைத்து வைக்க உரிமையில்லை. பேச்சுக்கு இடமே இல்லாமல் போனால், அவருடைய நண்பர் எவரும் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம். இதே போன்ற ஒரு நிலை 2015 இல் தில்லி உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த 19 வயதுத் திருநம்பியைப் பெற்றோர் ஆக்ராவுக்கு அழைத்து வந்து, கடவுச்சீட்டைப் பறித்து, அங்கேயே ஒரு கல்லூரியில் சேர்த்துவிட்டார்கள். அவர் தப்பித் தில்லிக்கு வந்து நீதிமன்றத்தை அணுகியபோது, அவருக்குக் காவல்துறை பாதுகாப்பு தரவும், பறித்த ஆவணங்களைத் திருப்பிக் கொடுக்கவும் உத்தரவாயிற்று. காணவில்லை என்ற புகாரைக் கண்டு நீங்கள் மலைக்க வேண்டாம். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, காணாமல் போனதாகச் சொல்லப்படுபவர் தாமே விரும்பிச் சென்ற வயது வந்தவர் என்று வாக்குமூலத்தில் தெரிந்தால், காவல்துறை துன்புறுத்தாமல் புகாரை முடித்துவிட வேண்டும். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2022 இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளிலும் திருத்தம் வந்தது. பாலின அடையாளத்தைக் காட்டி ஒருவரைத் துன்புறுத்துவது இப்போது காவலருக்கு ஒழுங்கு நடவடிக்கைக்குரிய தவறு.

மாத்திரை கொடுத்து மாற்றிவிடுவேன் என்று சொன்ன மருத்துவரைப் பற்றி: அப்படிப்பட்ட மாற்று முயற்சி மருத்துவத் தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 இல் மாநில மருத்துவக் கழகங்களுக்கு எழுதியிருக்கிறது. மாநில மருத்துவக் கழகத்திடம் புகார் செய்யலாம். இதை உங்கள் அப்பாவிடம் மென்மையாகச் சொல்லுங்கள். மருத்துவர் சொல்லிவிட்டார் என்ற நம்பிக்கையில்தான் அவர் நிற்கிறார்.

அடையாளச் சான்று பற்றி, 2024 இல் உள்ள நிலை இது. உச்சநீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று வழங்கிய தீர்ப்பு, தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றும், அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்குவது சட்டவிரோதம் என்றும் சொன்னது. அதன்பின் வந்த 2019 ஆம் ஆண்டுத் திருநர் (திருநங்கை, திருநம்பி எல்லோரையும் சேர்த்துக் குறிக்கும் சொல்) பாதுகாப்புச் சட்டம், அறுவை சிகிச்சை செய்திருந்தாலும் செய்யாவிட்டாலும் திருநம்பியைத் தன் வரையறைக்குள் பெயர் சொல்லியே சேர்த்தது. அதன் கீழ் வந்த 2020 விதிகளின்படி, திருநருக்கான தேசிய இணையதளத்தில் உறுதிமொழிப் பத்திரத்துடன் விண்ணப்பித்தால், எந்த உடற்பரிசோதனையும் இல்லாமல், முப்பது நாள்களுக்குள் மாவட்ட ஆட்சியர் சான்றிதழ் தர வேண்டும். இந்தச் சான்றிதழில் “திருநர்” என்று இருக்கும். “ஆண்” என்று மாற்ற வேண்டுமானால் 2019 சட்டத்தின் ஏழாம் பிரிவு அறுவை சிகிச்சைச் சான்று கேட்கிறது. என் பார்வையில் இது 2014 தீர்ப்பின் உயிரைப் பறிக்கும் பிரிவு. ஆயினும் ஒரு சிறு வழி இருக்கிறது: 2020 விதிகள் மருத்துவச் சிகிச்சை என்பதற்குள் உளவியல் ஆலோசனையையும் ஹார்மோன் சிகிச்சையையும் சேர்த்தே வரையறுக்கின்றன. அலுவலர்கள் பலர் இதைப் படித்திருப்பதில்லை. விதியின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

பெயர் மாற்றத்தைத் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்ட பின் ஆதார், வங்கிக் கணக்கு, நிரந்தரக் கணக்கு எண் அட்டை என்று ஒவ்வொன்றாக மாற்றலாம். பள்ளிச் சான்றிதழ்தான் கடைசி வரை இழுக்கும். ஆட்சியரின் சான்று இருந்தால் பதினைந்து நாள்களில் மாற்றித் தர வேண்டும் என்று விதி சொல்கிறது. நடைமுறையில் நான் பார்த்த வழக்குகளில் அது மாதக்கணக்காகிறது. பீரோவை உடைக்க வேண்டாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, நீங்களே அந்தச் சான்றிதழ்களை இரு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் கையில் இருந்தால் நகல் பெற முடியும்.

தமிழாசிரியர் (ஓய்வு) | 2024 மே 14

அம்மா, உங்கள் கை பழகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி மட்டும் சில சொற்கள்.

நம் மொழியில் அவன், அவள் என்று ஒருவரைப் பற்றிப் பேசும்போது ஒரு வினைகூட அவருடைய பாலைச் சொல்லாமல் முடிவதில்லை. வந்தான், வந்தாள், சாப்பிட்டான், சாப்பிட்டாள் என்று ஒரு நாளைக்கு நூறு முறை அந்தப் பிள்ளையை வீடு தவறான பாலில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. வசைச் சொல் ஒன்றும் சொல்லாமலே காயப்படுத்த முடிகிற மொழி இது. ஆனால் அதே மொழி ஓர் அடைக்கலத்தையும் வைத்திருக்கிறது. தன்மையில் பால் இல்லை. “வந்தேன்” என்று அவர் தன்னைப் பற்றிச் சொல்லும்போது எந்த விகுதியும் அவரைக் காட்டிக் கொடுப்பதில்லை. அதைப் போலவே “அவர்” என்ற மதிப்புச் சொல்லிலும் ஆண் பெண் வேறுபாடு இல்லை. உங்கள் பெற்றோருக்கு “அவன்” என்று சொல்ல இப்போது நாக்கு வராது. “அவர்” என்று தொடங்கலாம், வயதில் இளையவராயிற்றே என்று தயங்க வேண்டியதில்லை.

இது மேனாட்டு இறக்குமதி என்று யாரேனும் சொன்னால், நன்னூலைத் திறந்து காட்டுங்கள். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிறவரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புகிறவரைப் பெண்பாலாகவும் வழங்க வேண்டும் என்று பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் இலக்கணம் வகுத்துவிட்டார். பிறந்தபோது என்னவாக இருந்தார் என்று அவர் கேட்கவில்லை. என்ன அவாவுகிறார் என்பதைக் கொண்டே பால் பிரித்தார். முப்பது ஆண்டுகள் அந்த நூற்பாவைப் பாடம் நடத்திய நான், அது வகுப்பில் என் முன்னால் அமர்ந்திருந்த பிள்ளைகளில் யாரைப் பற்றியதாகவும் இருக்கலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அது எனக்கு இன்று வருத்தமாக இருக்கிறது.

நம்பி என்பது ஆடவருள் சிறந்தவனைக் குறிக்கும் பழஞ்சொல். திருநம்பி என்ற சொல் அரசு 2022 இல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியலிலும் இருக்கிறது. இன்னொன்று: நம் உறவுச் சொற்கள் ஒன்றோடொன்று பின்னியவை. அவர் உங்களுக்குத் தம்பி என்றால், உங்கள் மகளுக்கு அவர் சித்தி அல்லர், தாய்மாமன்.

ஐயமுள்ளவன் | 2024 மே 15

யாரையும் புண்படுத்துவது என் நோக்கமன்று. நம் வீடுகளில் பெண் பிள்ளைகளுக்கு இரவில் வெளியே போகவோ, விரும்பியதைப் படிக்கவோ சுதந்திரமில்லை. அந்த அடக்குமுறையைத் தாங்க முடியாமல்தான் சிலர் ஆணாகிவிட விரும்புகிறார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் பெண்களுக்குச் சுதந்திரம் கொடுப்பதுதானே தீர்வு? 23 வயதில் எடுக்கும் முடிவு பிறகு வருத்தம் தராதா?

மேன்ஷன்வாசி | 2024 மே 16

ஐயா, நேர்மையாகக் கேட்டதற்கு நன்றி. இந்தக் கேள்வியை எங்களிடம் அன்புள்ளவர்களும் கேட்கிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

பெண்களுக்குச் சுதந்திரம் வேண்டும் என்பதில் எனக்கு உங்களைவிட அழுத்தமான கருத்து உண்டு. இருபத்தொரு ஆண்டுகள் அந்தப் பூட்டுக்குள் இருந்தவன் நான். ஆனால் சலுகைக்காக இதைச் செய்வதாயிருந்தால், கணக்கு எங்குமே நேராகாது. குடும்பம், சொத்து, சான்றிதழ், வேலை என எல்லாவற்றையும் இழந்து, மேன்ஷன் குளியலறையில் நாலு மணிக்கு நிற்பதை யாரும் சலுகை என்று தேடிப் போவதில்லை. பூட்டில்லாத வீட்டில், அன்பான பெற்றோரிடம் வளர்ந்த திருநம்பிகளையும் நான் அறிவேன். அவர்களுக்கும் கண்ணாடியில் தெரிந்த உருவம் அந்நியமாகத்தான் இருந்தது.

ஆணுக்குக் கிடைக்கும் மதிப்பை நாங்கள் மற்றவர்களைவிடத் தெளிவாகப் பார்க்கிறோம் என்பது உண்மை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் நரம்பியல் அறிஞராக இருந்த பென் பாரஸ் ஒரு திருநம்பி. நாற்பது வயதைக் கடந்து 1997 இல் ஆணாக வாழத் தொடங்கினார். அதன்பின் அவர் ஆற்றிய ஓர் உரையைக் கேட்ட சக அறிவியலாளர் ஒருவர், இவருடைய ஆய்வு இவர் தங்கையின் ஆய்வைவிட எவ்வளவோ மேல் என்று பாராட்டினாராம். அந்தத் தங்கை வேறு யாருமல்லர், முன்பு அவரேதான். அதைக் கேட்டு மகிழ்ந்துவிட்டுப் போகாமல், அறிவியலில் பெண்கள் எப்படி ஒதுக்கப்படுகிறார்கள் என்று 2006 இல் நேச்சர் இதழில் எழுதினார். எங்களால் செய்யக்கூடிய நன்மைகளில் இதுவும் ஒன்று என்று நான் நம்புகிறேன்.

வயதைப் பற்றிச் சொன்னீர்கள். 23 வயதில் முன்பின் தெரியாத ஒருவரோடு ஆயுளுக்கும் வாழும் முடிவை மூன்று மாதத்தில் எடுக்கச் சொல்கிறோம். அதற்கு யாரும் வருத்தம் வருமா என்று கேட்பதில்லை. கேரளத்தைச் சேர்ந்த ஆடம் ஹாரி தென்னாப்பிரிக்காவில் தனியார் விமானி உரிமம் பெற்றவர். திருநம்பி என்று தெரிந்ததும் வீட்டில் அடைத்து வைக்கப்பட்டார். வெளியேறிப் பழச்சாற்றுக் கடையில் வேலை பார்த்தார். 2019 இல் கேரள அரசு வணிக விமானிப் பயிற்சிக்காக 23 லட்சத்துக்கும் மேல் உதவித்தொகை கொடுத்தது. அப்போதும் ஹார்மோன் சிகிச்சையைக் காரணம் காட்டி விமானப் போக்குவரத்து இயக்ககம் மருத்துவத் தகுதி மறுத்தது. அவர் விடாமல் போராடியதன் பயனாக 2022 ஆகஸ்டில் திருநர் விமானிகளுக்கான மருத்துவ வழிகாட்டுதல்களையே இயக்ககம் வெளியிட வேண்டியதாயிற்று. வருத்தப்படுகிறவர் ஒரு விதியை மாற்றும் வரை நின்றிருப்பாரா என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு தாய், ஈரோடு | 2024 மே 19

இங்கே பெற்றவர்கள் யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். என் மூத்த மகன் திருநம்பி. அவனுக்கு இப்போது 27 வயது.

நெல்லை அக்காவின் அம்மா செய்ததை நானும் செய்திருக்கிறேன். கயிறு கட்டினேன், விரதம் இருந்தேன், என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதைத் தவிர அந்த ஓராண்டில் எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரு சித்திரை மாதத்து வெயிலில் அவன் மயங்கி விழுந்தான். சட்டையைத் தளர்த்தினேன். உள்ளே இரண்டு பனியன். அதற்குள் கால் சுளுக்குக்குக் கட்டும் மீள்துணிப் பட்டையை மார்பில் மூன்று சுற்றுச் சுற்றி ஊக்குக் குத்தியிருந்தான். அதை அவிழ்த்தபோது விலா எலும்பின் மேல் தோல் வரி வரியாக உரிந்து, சில இடங்களில் ஆறிக் கறுத்து, அதன் மேலேயே மறுபடி புண்ணாகியிருந்தது. எத்தனை வருடம் என்று கேட்டேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து என்றான். ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. அன்று தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். அதற்குமேல் என்னால் வேறு எதையும் பேச முடியவில்லை.

ஒரே நாளில் நான் மாறிவிடவில்லை. பழைய பெயரைச் சொன்னால் அவன் முகம் சுருங்கியது. புதுப் பெயர் என் வாயில் வரவில்லை. இரண்டு வருடம் பெயரே சொல்லாமல் “கண்ணு” என்றும் “சாமி” என்றும் கூப்பிட்டுச் சமாளித்தேன். எங்கள் பக்கத்தில் ஆண் பிள்ளையையும் பெண் பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவோம். கூடத்துச் சுவரில் அவனுடைய மஞ்சள் நீராட்டுப் படம் பெரிதாக மாட்டியிருந்தது, பட்டுப்புடவையும் நெற்றிச்சுட்டியுமாக. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு அவனைப் பார்ப்பார்கள். ஒரு நாள் நானே ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றினேன். அவன் அதைக் கேட்டதே இல்லை. சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக ஒரு கட்டமாகத் தெரிந்தது; அடுத்த தீபாவளிக்கு வெள்ளையடிக்கும் வரை அப்படியே இருந்தது.

ஊர் பேசியது. சொந்தத்தில் இரண்டு வீடுகள் இன்றும் எங்களுக்குப் பத்திரிகை வைப்பதில்லை. அவன் அப்பா முழுதாக ஏற்கவில்லை; ஆனால் வண்டிச் சாவியைத் தேடும்போது “பையன் எடுத்துட்டுப் போயிட்டானா” என்று கேட்கிறார். நெல்லை அக்கா, உங்கள் அம்மாவுக்குச் சம்மதம் என்றால் என்னோடு பேசச் சொல்லுங்கள். பெற்றவளுக்குப் பெற்றவள் சொன்னால் கேட்பாள்.

நெல்லை அக்கா | 2024 ஜூன் 3

எழுதிய எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று ஊரிலிருந்து திரும்பினேன். சான்றிதழ்களைப் படம் எடுத்துக்கொண்டேன். மருத்துவ ஆணையத்தின் கடிதத்தைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். பதில் எதுவும் சொல்லாமல் வயலுக்குப் போய்விட்டார். ஆனால் மறுநாள் மாத்திரை வாங்கப் போகவில்லை. வரன் வீட்டாருக்கு ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கைப்பேசி தம்பியின் கைக்கு வந்துவிட்டது. இந்தப் பக்கத்தை அவன் அதில்தான் முழுவதும் படித்தான். ஈரோட்டு அம்மா எழுதியதை மட்டும் உரக்கப் படித்து எங்கள் அம்மாவைக் கேட்க வைத்தான். அம்மா அடுக்களையில் நின்றுகொண்டே கேட்டார்; ஈரோட்டு அம்மாவின் எண் வேண்டும் என்று இரவில் என்னிடம் கேட்டார். எங்கள் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், சிரமம் பாராமல் பேசுங்கள் ஈரோட்டு அம்மா.

ஆசிரியர் ஐயா சொன்ன தாய்மாமன் என்ற சொல் என்னை உறங்கவிடவில்லை. எங்களுக்கு உடன்பிறந்த ஆண் பிள்ளை இல்லையென்று, பெரியப்பா மகனின் மடியில் உட்கார வைத்து என் மகளுக்குக் காது குத்துவதென்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். என் கணவரிடம் பேசினேன். அவருக்கு மறுப்பில்லை, மாமியாரிடம் இன்னும் பேசவில்லை. தம்பியிடம் கேட்டபோது வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, மாமன் சீராக எத்தனை கிராமில் கம்மல் எடுப்பது வழக்கம் என்று கேட்டான்.

வழக்குரைஞர் அவர்களுக்கு ஒரு கேள்வி: உறுதிமொழிப் பத்திரத்தில் எங்கள் ஊர் முகவரிதான் இருக்க வேண்டுமா, தூத்துக்குடியில் என் வீட்டு முகவரியைக் கொடுக்கலாமா? அவன் அடுத்த வாரம் என்னோடு வருகிறான்.